சத்தமில்லாத கார்

மகளுக்கு,

இரண்டே சீட் உள்ள அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்து, எலெக்ட்ரிக் கார் ஒன்றை மாற்றி எடுத்துவிட்டேன். பதிந்த சீட்டில் குனிந்து ஏற அம்மாவுக்கு இனி ஏலாது. எனக்கும் அலுத்துவிட்டது.

பழைய கார் உவர்மலை ஏற்றத்தில் திரும்பும்போதே அதன் உறுமல் வீட்டுக்குக் கேட்கும். நான் உள்ளே வர, அம்மா குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பாள். நீ எங்கள் சொல்லை மீறிக் கலியாணம் கட்டிக் குறிஞ்சாக்கேணிக்குப் போன இந்த மூன்று வருடத்தில், ஒருநாளும் உன் கதையை அவள் எடுத்ததில்லை. அவளும் என்னைப் போல உன்னை விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

புதுக் காருக்குச் சத்தமே கிடையாது. முதல்நாள் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தபோது உன் அறை திறந்திருந்தது. அம்மா உன் கட்டிலில் இருந்தபடி, உன் பழைய சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழும்பினாள்.

"என்னப்பா, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறியள்?" என்றாள்.

இப்போதெல்லாம் படலையடியில் ஹோர்ன் அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் காரிலேயே இருந்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அவள் முகம் கழுவட்டும்.

ஒருமுறை சார்ஜ் போட்டால் குறிஞ்சாக்கேணிக்குப் பத்துத் தரம் போய்வரலாமாம். பின்சீட்டில் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். நீங்கள் இப்போது மூன்று பேர் என்று கேள்விப்பட்டேன்.

அப்பா