உப்புப் பார்க்க ஒருவருமில்லை

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலேயே வெயில். கடல் காற்று இல்லை.

மெஷின் வந்துவிட்டது. வெட்டும், அரைக்கும், பிசையும், அவிக்கும், தானே கிண்டும். குசினி மேசையில் பாதி இடம் போயிற்று.

மெஷின் கம்பனியின் கொழும்பு மேடம் வைத்த நிபந்தனை: என் வீட்டில் பெண்களைக் கூட்டிச் சமைத்துக் காட்ட வேண்டும். சனிக்கிழமைக்குள் ஐந்து பேர் வாங்குவதாகப் பெயர் தர வேண்டும். தந்தால் கல்முனைப் பகுதி விற்பனை வேலை எனக்கு. இல்லாவிட்டால் மெஷின் திரும்பும். நான் பழையபடி.

பழையபடி என்றால்: மெய்யியல் பட்டம், அரசாங்க நியமனப் பட்டியல், நாலாவது வருடம். யாரும் கேட்டால் "இன்னும் வரல்ல." இந்த வாக்கியத்தை இனிச் சொல்லப் போவதில்லை.

புதன், நாலு மணி. அசர் தொழுதுவிட்டு வரலாம். பதினொரு வீட்டுக்குச் சொன்னேன். எல்லோரும் "வாறம்" என்றார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒத்திகை. பருப்பு சூப். கணவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டுப் பசியோடு வந்தார்.

"நல்லம்."

"பொய் சொல்லாதீங்க."

"அப்ப, பசிக்கு நல்லம்."

மாமி போனில். "ஆறு நோன்பும் முடிஞ்சா மகள்?"

"போகுது மாமி."

பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் ஆறு நோன்பில் மூன்று பிடித்தேன். நாலாம் நாள் மாதவிடாய், நோன்பு நின்றது. கலியாணமாகி இரண்டு வருடம், இந்த மாதமும் பிள்ளை இல்லை. தன் மகனின் பிள்ளைக்காக மாமி நாள் எண்ணுகிறார். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதிலாவது சொல்லலாம்.

ஏப்ரல் 9, புதன்

பதினாலு பேர். மாமியும், சொல்லாமலே.

சூப்பைக் கோப்பைகளில் ஊற்றி நீட்டினேன். ஒரு கையும் நீளவில்லை.

"ஏன்கா, ஒருத்தரும் எடுக்கல்ல?"

பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தா: "நோன்புகா. ஆறு நோன்பு. நீயும் நோன்புதானே?"

எல்லோரும் நோன்பு. எனக்கு நோன்பு நின்றதும் ஊருக்கும் நின்றுவிட்டதாக நினைத்திருக்கிறேன். மெய்யியல் படித்தவள்.

"முதலே சொல்லியிரிக்கலாமே ராத்தா."

"நோன்பை ஊருக்குச் சொல்லிக்கிட்டா திரியிற? மெஷின் பார்க்கத்தானே கூப்பிட்ட. பார்க்கிறம்."

மேடம் தந்த தாளில் இருக்கிறது: சுவைத்த பிறகே பெயர் எழுதும் படிவத்தை எடுக்கவும். சுவைக்க இரண்டு மணித்தியாலம் கிடந்தது. சூப்பை மூடினேன்.

"இரிங்க. நோன்பு துறந்திட்டுப் போகலாம். இந்த மெஷின்லயே கஞ்சி காய்ச்சிறன்."

மெஷினுக்குக் கஞ்சி தெரியாது. இத்தாலிச் சோறான ரிசோட்டோவின் பொத்தானை அழுத்தினேன். அரிசி, கோழி, இஞ்சி, உள்ளி, ரம்பை இலை. கடைசியில் தேங்காய்ப்பால். அது தானே கிண்டத் தொடங்கியதும் கதிரைகள் கிட்ட வந்தன.

"கை ஓயாமக் கிண்டுது பாருகா. என்ட மகளை விட நல்லம்."

"மெல்லக் கதை. வீட்டைச் சீதனமா மகளுக்குக் குடுத்தாச்சி. காதில விழுந்தா உன்னத்தான் வெளியில வைப்பாள்."

ஐந்தே முக்கால். உப்பு?

வீட்டுப் பானையென்றால் கைக்கு அளவு தெரியும். ரமழான் முழுதும் உப்புப் பார்க்காமலே போட்டவர்கள். இந்தச் சட்டி ஒரு கைக்கும் பழக்கமில்லை.

"நாக்கு நுனியில வெச்சுத் துப்பலாம்."

"நீ துப்பு. எனக்கு வேணாம் தாயே."

கஞ்சி சப்பென்று இருந்தால் படிவம் வெள்ளையாகவே போகும். மாமி கதவடியில், என்னைப் பார்த்தபடி.

கரண்டியில் எடுத்தேன். ஊதினேன். விழுங்கினேன்.

எனக்கு நோன்பில்லை என்பதும் ஏன் என்பதும் எல்லோருக்கும் விளங்கியது. மாமிக்கும்.

"உப்புக் காணாது," என்றேன்.

மாமி எழுந்து உப்புப் போத்தலை எடுத்து வந்தார். "ரெண்டு கரண்டி போடு மகள். மறுகாப் பாரு."

மறுபடியும் குடித்தேன். சரி.

பள்ளிவாசலில் வாங்கு சொன்னது. பேரீச்சம்பழம். கஞ்சி. மூன்று பேர் இரண்டாம் கோப்பை. பிறகு மஃரிபு தொழ எல்லோரும் வீட்டுக்கு ஓட்டம். படிவம் மேசையிலேயே.

ஏப்ரல் 10, வியாழன்

படிவத்தோடு வீடு வீடாக. வெயில் உச்சியில். மத்தியானத்துக்குள் மூன்று பெயர்.

ஜெஸீமா ராத்தா: "கஞ்சி சரி. புட்டு அவிக்குமா?"

"ஓம்."

எனக்கே தெரியாது. பின்னேரம் முயன்றேன். முதல் தரம் களி. இரண்டாம் தரம் புட்டு. மஃரிபுக்குப் பிறகு சுடச்சுடக் கொண்டுபோனேன். நின்றபடியே தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலு.

ஏப்ரல் 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மாமி வந்தார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார், மூடியைத் திறந்து மூடினார்.

"நற்பிட்டிமுனையில என்ட தங்கச்சி வீட்டுப் பெண்டுகளும் பார்க்கணுமாம். நாளைக்குப் போவமா?"

"அவங்களும் நோன்பா மாமி?"

"வேற?"

மேடத்துக்குச் செய்தி போட்டேன்: நாலு பெயர். ஐந்தாவது நாளை இரவு ஏழு மணிக்குள்.

பதில்: நிகழ்ச்சி நேரம் மாலை நாலு மணி. தாளைப் பார்க்கவும்.

எழுதினேன்: இங்கே இப்போது வாங்கு சொன்ன பிறகுதான் சாப்பாடு. ஐந்துக்குத் தொடங்குகிறேன்.

நீலக் கோடு. மேடம் படித்துவிட்டார்.

நாளை நாலரைக்கு ஓட்டோ. மெஷின் என் மடியில்.