என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்

வியாழக்கிழமை, இரவு

ஒரு வருடம் ஜாம்பியாவுக்குத் தன்னார்வலர்களாகப் போகலாம் என்று ஆரம்பித்ததே முரளிதான். ஐ.டி. வேலை அலுத்துவிட்டதாம். எனக்கும் சேர்த்து அவரே விண்ணப்பம் போட்டார். "உனக்கு அங்க பெருசா வேலை இருக்காது. சும்மா கூட இருந்தா போதும்" என்றார். இத்தனைக்கும் நான் டயாலிசிஸ் வார்டில் நர்ஸ்.

இன்று சாயங்காலம் பதில் வந்தது. அங்கே ஒரு மருத்துவமனைக்கு நான் வேண்டுமாம். அவருக்கு ஏற்ற வேலை இப்போது எதுவும் இல்லையாம். அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். எனக்கு ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

"தனியா எப்படிப் போவ? விடு, வேற பாத்துக்கலாம்."

நான் விட்டுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு, பால்கனிக்குப் போய் நண்பருக்குப் போன் செய்தார். கீழே தண்ணீர் லாரி உறுமிய சத்தத்திலும் சமையலறைவரை எனக்குக் கேட்டது.

"அந்த ஜாம்பியா ஆளுங்களோட ஒரே பேஜார் மச்சான். நாங்களே வேண்டாம்னு சொல்லிட்டோம்."

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, என் போனை எடுத்து, வருகிறேன் என்று பதில் அனுப்பினேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்து அவருக்கு மிச்சத் தோசையையும் சுட்டுப் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் சொல்ல வேண்டும். கத்துவார். தன் அம்மாவுக்குப் போன் போடுவார். அதுகூடப் பரவாயில்லை. எனக்கே கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஆசை ஆசையாக அனுப்பியிருக்க வேண்டிய பதில். அதைப் போய் கோபத்தில் அனுப்ப வைத்துவிட்டார்.