செகரெட்டரி தேர்ந்தெடுத்த ரோலர்

ஜூன் 3

அன்புள்ள டீச்சருக்கு,

போனில் பேசினால் நான் 'ம்' கொட்டிக்கொண்டே டி.வி.யில் ஸ்கோர் பார்க்கிறேன் என்று குற்றம் சாட்டி, இனிமேல் எழுதினால்தான் பதில் என்று சட்டம் போட்டுவிட்டாய். சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பேனா பிடித்திருக்கிறேன். மூத்தவளும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

இங்கே ஒரு துக்கச் செய்தி. நம் கிரிக்கெட் கிளப்பின் பழைய ரோலர் போன வாரம் உயிரை விட்டது. பிட்ச்சின் நட்டநடுவில் அச்சு முறிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. நம் வெல்டர் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "சார், இனிமே இதுக்கு வெல்டிங் வைக்கிறது, செத்தவனுக்கு ஊசி போடுற மாதிரி" என்று கையைத் துடைத்துக்கொண்டான். கமிட்டி கூடியது. "எந்த ரோலர் வாங்கலாம்னு செகரெட்டரியே பார்த்துச் சொல்லட்டும்" என்று வழக்கம்போல என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மூன்று வகை இருக்கிறது. ஒன்று, பழையதைப் போலவே கான்கிரீட் அடைத்த இரும்பு உருளை. நாலு பேர் இழுக்க வேண்டும். இரண்டாவது, உள்ளே தண்ணீர் நிரப்பிக்கொள்கிற உருளை. கனத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் இதையும் இழுத்துத்தான் ஆக வேண்டும். மூன்றாவது, ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற இன்ஜின் ரோலர். மூன்றையும் யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. இழுத்து இழுத்து உடம்பும் ஓய்ந்துபோய்விட்டது.

பத்து நாள் என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு மாதம் ஆகிறது. எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

ஜூன் 11

மாண்புமிகு செகரெட்டரி அவர்களுக்கு,

பாப்பாவுக்குப் பல் வந்துவிட்டது. முதல் வேலையாக என் விரலைத்தான் பதம் பார்த்தது. மூத்தவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பகல் முழுக்க நானும் பாப்பாவும்தான்.

கடிதம் படித்தேன். ரோலருக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு வரி. பரவாயில்லை, போனில் அந்த ஒரு வரியும் வராது.

உங்கள் கிளப்பின் விசித்திரச் சட்டம் எனக்குத் தெரியாதா? ஆட்டத்தில் பூஜ்யத்துக்கு அவுட் ஆனவன் மறுநாள் விடிகாலையில் வந்து ரோலர் இழுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் முட்டை வாங்கியவன் போர்வையை இழுத்து மூடித் தூங்குவான். மட்டையைத் தொட்டே பல வருஷம் ஆன நீங்கள் அவனுக்குப் பதிலாக இழுப்பீர்கள். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த ஈரம்கூடக் காயவில்லை, ஓடினீர்களே! மறுபடி வீங்கியதும் டாக்டர் யாரைத் திட்டினார்? என்னை. "நீங்க சொல்லக் கூடாதாம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இனி அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார என்னால் ஆகாது. நீங்கள்தானே தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள்? இன்ஜின் ரோலரைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுவதற்கு வேறு ஆளைப் போடுங்கள். 'முடிவு செய்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதுங்கள், அடுத்த வண்டியில் வந்துவிடுகிறேன். வேறு நிபந்தனை எதுவும் இல்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடவும்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் வீட்டுக்காரிதான்

ஜூன் 29

அன்புள்ள டீச்சருக்கு,

பதில் தாமதமானதற்குத் திட்டாதே. ஊர் ஊராக ரோலர் பார்த்து அலைந்ததில் கால் வீங்கிவிட்டது.

நீ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்ஜின் ரோலரைப் போய்ப் பார்த்தேன். வெல்டர் தம்பியும் பொருளாளரும் கூட வந்தார்கள். பொருளாளர் மருந்துக்கடைக்காரர் அல்லவா, எதைப் பார்த்தாலும் காலாவதி தேதி தேடுவார். முதல் கடையில் ரோடு போடுகிற அதிர்வு ரோலரைக் காட்டினார்கள். அதை பிட்ச்சில் விட்டால் நிலம் பாளம் பாளமாக வெடித்துவிடும். இரண்டாவது கடையில் இருந்தது நல்ல வண்டிதான். ஆனால் உருளையின் ஓரம் கூர்மை. போகிற வழியெல்லாம் கோடு விழும். மூன்றாவதில் ஓரம் மழுங்கலாக, அழகாக இருந்தது. குனிந்து பார்த்தேன், அடியில் ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெய் விழுந்த இடத்தில் புல் செத்துப்போகும். "சார், அது பக்கத்துல நிக்கிற வண்டியோடது" என்றான் வெல்டர். இருக்கலாம். யார் கண்டார்கள்?

கமிட்டியில் எல்லோரும் இன்ஜின்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். இன்ஜின் வந்துவிட்டால் முட்டை வாங்கியவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். நிலம் ஈரமாக இருக்கும்போது எடுத்த எடுப்பில் கனம் ஏற்றக் கூடாது, முதலில் லேசாக உருட்ட வேண்டும், அதைக் கை ரோலரில்தான் சரியாகச் செய்ய முடியும் என்று விளக்கினேன். அதற்குள் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

இன்னும் ஓரிரு கடை பார்க்க வேண்டும். அவசரப்பட்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

ஜூலை 8

அன்புள்ள உங்களுக்கு,

இந்த முறை கேலி இல்லை.

எண்ணெய்ச் சொட்டிலும் குறை இல்லை, உருளையின் ஓரத்திலும் குறை இல்லை. இன்ஜின் வந்துவிட்டால் காலையில் உங்களுக்குப் போக இடம் இருக்காது. அதுதான் பயம். வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து, என்னோடு ஒரு காப்பி குடிக்க வேண்டியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் காப்பியைத் தட்டுப் போட்டு மூடி வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேலைக்குப் போகிற காலத்தில் நேரமில்லை என்று நினைத்தேன். ரிட்டயர் ஆனதும் உட்காருவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இன்னும் அரைமணி முன்னதாகக் கிளம்பினீர்கள்.

எனக்கு வலிக்கிறது. சொல்லாமல் இருந்து பழகிவிட்டதால் உங்களுக்குத் தெரியவில்லையோ என்னவோ, அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை பின் அறையை எனக்காக ஒழித்துக் கொடுத்திருக்கிறார். "அத்தை, நீங்க இங்கயே இருந்துடுங்களேன்" என்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன். இந்த மாதக் கடைசி வரை பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

ஆகஸ்ட் 2

என் அன்பு டீச்சருக்கு,

நீ கேட்டபடியே ஆகிவிட்டது! இன்ஜின் ரோலர் வந்துவிட்டது.

நான் இன்னொரு கடையைப் பார்க்கப் போயிருந்த அன்று கமிட்டி கூடி முடிவெடுத்துவிட்டது. திரும்பி வந்து பார்க்கிறேன், மைதானத்தில் வண்டி நிற்கிறது. "சார், நீங்க அலைஞ்சது போதும்னுதான்…" என்று பொருளாளர் இழுத்தார். அந்த எண்ணெய் வண்டிதான். சொட்டவே இல்லை. வெல்டர் தம்பி ஏறி உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே, நாங்கள் நாலு பேர் காலை முழுக்க மூச்சு வாங்கி இழுத்த வேலையைக் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டான். பிட்ச் பளிங்கு மாதிரி இருக்கிறது. நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். "ஓரமா நில்லுங்க சார், மேல ஏத்திடப் போறேன்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

செகரெட்டரி பதவியையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இருங்கள் என்று ஒப்புக்குக்கூட யாரும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் காலையில் வீட்டிலேயே இருக்கிறேன். பேப்பர் படித்து முடித்தால் மணி ஏழுகூட ஆகவில்லை. இவ்வளவு நீளமான காலையை நீ எப்படித்தான் தனியாகத் தள்ளினாயோ!

இனி தடை ஒன்றும் இல்லை. இருபதாம் தேதி நானே வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 9

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

ஜூன் மாதத்தில் நீங்களாக 'இன்ஜின்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அன்றே பெட்டி கட்டியிருப்பேன். ஜூலையில் எழுதியிருந்தாலும் கட்டியிருப்பேன். மாதக் கடைசி வரை தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். நான் கேட்டது ரோலர் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டேன். அதைக் கமிட்டி செய்துவிட்டது. மைதானம் உங்களைப் போதும் என்று சொன்ன பிறகு உங்களுக்கு வீடு ஞாபகம் வந்திருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது போதவில்லை.

மாப்பிள்ளையிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இந்தப் பின் அறையில் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. யாருக்காகவும் காது கொடுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை.

இருபதாம் தேதி கட்டாயம் வாருங்கள். பாப்பா உங்களைப் பார்க்க வேண்டும். நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம். வரும்போது பீரோவில் இருக்கிற என் துணிமணிகளையும், கட்டிலுக்கு அடியில் இருக்கிற கம்பளியையும் கொண்டு வாருங்கள். என் தையல் மெஷினையும் லாரியில் போட்டு அனுப்பிவிடுங்கள். அது நல்ல கனம். நீங்கள் தூக்காதீர்கள், வெல்டர் தம்பியைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் பாட்டி