அப்பாவின் உதட்டுக் கொப்புளம்

விசுவமடு

அன்பு மகள் கிருசாந்திக்கு,

அந்தக் குளிருக்குள் நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் தம்பி ஜெயந்தனும் சுகம். அப்பா சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் போன கிழமைக்கு இந்தக் கிழமை பரவாயில்லை என்று துணிந்து எழுதுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால்தான் ஆஸ்பத்திரி விறாந்தையில் வாங்கில் குந்தியிருந்தபடி எழுதுகிறேன், தம்பி படமெடுத்து அனுப்புவான். விமலேஸ்வரி மாமி உனக்குப் போன் எடுத்து, என்ரை அண்ணைக்கு அம்மாள் வந்திட்டா, ஊசி மருந்தை நிப்பாட்டி வீட்டை கொண்டு போகச் சொல்லு பிள்ளை என்று அழுதாராம். நீயும் தம்பியிடம் அப்பிடியே செய்யுங்கோவன் என்றாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வயலில் வரம்பு கட்டப் போன மனுசனுக்கு எலிக்காய்ச்சல் பிடித்ததும், அது நுரையீரலுக்கு இறங்கி மூச்சு மெசினில் போட்டதும் உனக்குத் தெரியும். சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து கொடுத்த தடுப்புக் குளிசை இன்னும் உறை பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடக்கிறது, எழும்பி வரட்டும், அதற்கு வேறாக என்னிடம் வாங்கிக் கட்டுவார். மெசினில் ஒன்பதாம் நாள் காய்ச்சல் திரும்ப ஏறி, வாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் போட்டது. கண்டதும், அம்மாள்தான் உடம்பில் இறங்கியிருக்கிறா என்று மாமி கைகூப்பினார், நானும் கூப்பினேன். வீட்டில் மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்தோம், தாளிப்பதை விட்டோம், வாசலில் வேப்பிலை கட்டினோம். அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் மெல்லிய குழாய் விட்டுச் சளி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் கௌசலா கையெழுத்துக் கேட்டபோது, அம்மாள் நிற்கிற உடம்பில் கை வைக்க விடமாட்டேன் என்று மறித்துவிட்டேன். மறித்தது மாமி இல்லை பிள்ளை, நான். அந்த ஒரு நாளுக்குள் மெசின் கொடுக்கிற ஒட்சிசனைக் கூட்டிக் கூட்டி, இனிக் கூட்ட இடமில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அந்த டொக்டர் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, முந்திக் காய்ச்சல் வரேக்குள்ள இவருக்கு உதட்டில கொப்புளம் போடுறதோ அம்மா என்று கேட்டா. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் போடும். எங்கள் கலியாணப் படத்திலேயே உதட்டோரம் காய்ந்த கொப்புளம் கறுப்பாக இருக்கும், சின்ன வயதில் நீ அதைக் காட்டி அப்பாவுக்கு மீசை இடம் மாறி முளைத்திருக்கு என்று சிரிப்பாய். அதைச் சொன்னதும், இது புதுசா வந்ததில்லை அம்மா, சின்ன வயசில வந்து நரம்புக்குள்ள படுத்துக் கிடந்த கிருமி, உடம்பு தளர்ந்த நேரம் எழும்பியிருக்கு, மெசினில கிடக்கிற கனபேருக்கு இப்பிடி எழும்பும், சிலருக்கு ஒண்டும் செய்யாது, இவரின்ரை நுரையீரலை அது பழுதாக்குதோ எண்டுதான் எங்களுக்குப் பயம் என்றா. மருந்து கொடுத்தால் கட்டாயம் பிழைப்பார் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததால்தான் எனக்கு அவவில் நம்பிக்கை வந்தது. கையெழுத்து வைத்தேன். சளியிலும் அதே கிருமி இருந்தது. மருந்து ஏற்றி இன்று ஆறாம் நாள், காய்ச்சல் விட்டிருக்கிறது, ஒட்சிசனை அரைவாசிக்குக் குறைத்திருக்கிறார்கள், நேற்று அப்பா கண் திறந்து என் விரலைப் பிடித்தார். நான் வீணாக்கிய அந்த ஒரு நாளை நினைத்தால் நெஞ்சு எரிகிறது, அதை அவரிடமும் சொல்லத்தான் போகிறேன்.

நாளைக் காலை குழாயை எடுத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்கப் போகிறார்களாம். சரிவராவிட்டால் திரும்பவும் மெசினில் போட வேண்டி வரலாம் என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டா. போடுங்கோ, பிறகு எடுத்துப் பாருங்கோ, அதுவும் சரிவராட்டித் திரும்பப் போடுங்கோ, நான் இங்கைதான் இருப்பன் என்று சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுபோகும் கதை இனி ஒருவர் வாயிலும் வரக்கூடாது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக்கு லீவு போட்டுவிட்டு அழுதுகொண்டு இருக்காதே. வற்றாப்பளை அம்மாளுக்குப் பொங்கல் நேர்ந்திருக்கிறேன், அவவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவ உங்கள் இருவரையும் ஒரு குறையும் வராமல் காப்பா. மாமி திரும்ப எடுத்தால் மரியாதையாகக் கேள், அவருக்கும் ஒரேயொரு அண்ணன்தான். ஆனால் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோக ஓம் என்று மட்டும் சொல்லிவிடாதே. நாளைக்கு எது நடந்தாலும் மாமியையும் நோகாதே, டொக்டரையும் நோகாதே. மறித்ததும் நான், கையெழுத்து வைத்ததும் நான், கேட்க வேண்டியதை என்னிடம் கேள்.

என்றும் உன் அம்மா,
பத்மாசனி கனகலிங்கம்