நனைத்தால் தெரியும் கல்

மிச்சிகன்
4-6-2024

மதுமதி அப்பாவுக்குப் பாப்பாயி எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை முபஷிர் ஜன்னலோரம் துடைத்து வைத்திருந்த கல்லை எடுத்து, ரசத்துக்குப் பூண்டு நசுக்கிவிட்டேன். “அத்தை! அது வெறும் கல்லில்லைங்க, உயிருங்க!” என்று அலறிவிட்டார்.

கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம். அதில் வாழ்ந்ததெல்லாம் கல்லாகிவிட்டதாம். இப்போது ஏரி. ஏரி என்று பேர்தான், மறுகரை தெரியவில்லை, அலை வேறு அடிக்கிறது. கரை மணலில் நானும் மாப்பிள்ளையும் குனிந்து கல் பொறுக்குகிறோம். மாசம் முற்றிவிட்டதால் மதுமதி நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறாள், உங்களைப் போலவே.

சேலத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று மூன்று வருஷமாக அவள் குரல் கேட்டாலே போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன். இதோடு இரண்டு கல் வருகிறது. என்ன கல் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். ஊரெல்லாம் போர்வெல் போட்டவராச்சே.

உங்கள்
பாப்பாயி

—

திருச்செங்கோடு
2-7-2024

பாப்பாயிக்கு,

கல் வந்தது. பெரியது வெறும் சாம்பல் ஜல்லி. சின்னது சட்டைப் பொத்தான், நடுவில் ஓட்டைகூட இருக்கிறது. இருபது வருஷம் ரிக் வண்டி ஓட்டியவன் நான். கல்லைப் பற்றி அந்தப் பையன் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பிரசவத் தேதி நீ எழுதவில்லை. எனக்கொன்றும் இல்லை. எருமை சினையாக இருக்கிறது, அதனால் நினைப்பு வந்தது.

சென்னிமலை

—

மிச்சிகன்
20-7-2024

மதுமதி அப்பாவுக்கு,

எருமை புண்ணியத்தில் விசாரித்தீர்களே, சந்தோஷம். பெண் குழந்தை. அஃபீபா என்று பெயர். முஷ்டியை இறுக்கிக்கொண்டு பிரிக்கவே விடமாட்டேன் என்கிறாள். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் எழுத மாட்டேன்.

காய்ந்த கல்லைப் பார்த்து ஜல்லி என்றுவிட்டீர்கள். மாப்பிள்ளை முதலில் தண்ணீரில் போடுவார், அப்புறம்தான் வாய் திறப்பார். நீங்களும் போட்டுப் பாருங்கள். தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும், நடுவே கறுப்பாக ஒரு கண். கட்டத்துக்கு ஓர் உயிர் குடியிருந்ததாம். சுவர் ஒன்று, வீடு தனித்தனி. அந்தப் பொத்தான், கடலடியில் செடி போல நின்ற ஒரு பிராணியின் தண்டாம்.

நீங்களாகக் கேட்டால்தான் குழந்தை போட்டோ அனுப்ப வேண்டும் என்று மதுமதி சொல்லிவிட்டாள். அவளுக்கு மட்டும் பிடிவாதம் இருக்காதா? ஆனால் போன் மணி அடித்தால் முதலில் ஓடுவது அவள்தான்.

பாப்பாயி

—

திருச்செங்கோடு
14-8-2024

பாப்பாயிக்கு,

எருமை கிடேரிக் கன்று போட்டது.

பெரிய கல்லை நனைத்தேன். கண் தெரிந்தது. காய்ந்ததும் மறைந்துவிட்டது. மறுபடி நனைத்தேன்.

சின்னதை டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். பக்கத்துக் காட்டுக் கந்தவேல் வந்து, “ஏனுங்கண்ணா, பேத்தி பொறந்திருக்குதாமா? போட்டோ காட்டுங்க” என்றான். என்னிடம் ஏது? கைக்கு எட்டிய டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டேன், கல்லோடு.

அவன் போனபின் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். “பயப்படாதீங்க மாமா, தானா வந்துரும்” என்றார். நீ தூங்குவதாகச் சொன்னார். எழுப்ப வேண்டாம், சிரிப்பாள் என்றேன். பிறகு மதுமதி போனை வாங்கினாள். நான் வைக்கவில்லை. போட்டோ கேட்டேன்.

கல்லைக் கழுவிப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை. தினமும் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை.

சென்னிமலை