வாசலில் நின்று சொன்ன சேதி

டீச்சர் அவர்களுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனால் வரிகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகின்றன. ஏலத்தோட்டத்தில் களை கொத்திய கைக்குப் பென்சிலை எவ்வளவு அழுத்துவது என்று இன்னும் பிடிபடவில்லை. இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. ஒரு பக்கம் முடிக்க ஒரு சாயங்காலம் போய்விடுகிறது. ஆனாலும் டீச்சர், இது முழுவதும் நானே எழுதுவது. முதியோர் வகுப்பில் போன மழைக்கு முன்னால் என் பெயரை எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்தேன். சூசை என்றே இருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். லயத்து வரிசை வீடுகள் ஒவ்வொன்றுக்கும் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். “தாத்தாவுக்குக் கல்யாணக் களை வந்துருச்சு” என்று பெண்கள் கேலி பேசினார்கள். பேசட்டும்.

இன்று காலையில் பள்ளிக்கூடக் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்டார்கள். மழைக்கு முன்னால் எல்லா வருஷமும் போடுவதுதான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு உப்புமா கிண்டிய கரண்டி கையில் நின்றுவிட்டது. நீங்கள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, வராந்தாவில் வாளி வாளியாக அந்தத் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் தள்ளியது கண்முன் வந்தது. அதனால்தான் முதல் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் எழுதுவேன். முதலிலிருந்து வரிசையாகப் போனால்தான் எனக்கு எழுத வருகிறது.

அந்த வருஷம் வந்த காலரா உலகம் முழுக்கச் சுற்றுகிற நோய் என்று ரேடியோவில் சொன்னதாகச் சொன்னீர்கள். நம் எஸ்டேட்டுக்கு அது கீழ் லயத்து ஓடை வழியாக வந்தது. ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் போனார்கள். மலையாளத்துக் கம்பவுண்டர் வந்து பார்த்து, “இந்த ஓடத் தண்ணி ஆரும் தொடண்டா, கேட்டோ” என்று எச்சரித்துவிட்டுப் போனார். ஏலக்காய் பறிக்கிற நேரம், வேலையும் நிற்கவில்லை. நீங்கள்தான் கீழ் லயத்துக்குப் போய்ப் பேசினீர்கள். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, கிணறு சுத்தமாக இருக்கிறது, நோய் தொடாத பிள்ளைகளையெல்லாம் நோய் அடங்கும்வரை என்னிடம் விடுங்கள் என்றீர்கள். தட்டும் பாயும் கொடுத்து அனுப்பினார்கள். மேலே இருப்பவர்கள் கீழே போகக் கூடாது, கீழே இருப்பவர்கள் மேலே வரக் கூடாது. பிள்ளைகளைப் பற்றிய சேதியை வீட்டுக்கு வீடு சொல்ல, பள்ளிக்கூடத்துக் காவல்காரனும் சமையல்காரனுமான நான் ஒருவன் மட்டும் போகலாம் என்று முடிவாயிற்று.

எனக்கு நீங்கள் போட்ட சட்டம் கடுமையானது. “எந்த வீட்டுக்குள்ளயும் போகப்பிடாது அண்ணாச்சி. உக்காரப்பிடாது. யாரு குடுத்தாலும் தண்ணி வாங்கிக் குடிக்கப்பிடாது. வாசல்ல நின்னு சொல்லுங்க, திரும்பி வாங்க.”

அப்படியே செய்தேன். முதல் வீடு தெரசம்மா வீடு. ஒரே மகள் புஷ்பத்தை நம்மிடம் விட்டிருந்தாள். என்னைக் கண்டதும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“உள்ள வாங்கண்ணே.”

“இல்ல தாயி, இப்படியே நிக்கிறேன்.”

“தண்ணியாவது குடிங்க.”

“வேண்டாம்.”

செம்பு கீழே விழுந்தது. தெரசம்மா மாரில் அடித்துக்கொண்டு, “எஞ் சாமி, எம் புள்ளைய வாரிக் குடுத்துட்டேனே” என்று தரையில் புரண்டாள். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் இன்னும் சேதியே சொல்லவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நம் ஆட்களிடம் கேதம் சொல்ல வருகிறவன்தான் வாசலில் நிற்பான், உட்கார மாட்டான், அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டான். நீங்கள் போட்ட சட்டமும் சாவுச் சேதிக்காரன் சட்டமும் ஒன்றாகிவிட்டது. அது உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த வீட்டு அந்தோணி என் தோளைப் பிடித்து உலுக்கினான். “ஏ சூசை, சொல்லித் தொலையேன்யா. என்ன ஆச்சு?”

“புஷ்பம் ராத்திரி பாயில ஒண்ணுக்குப் போயிட்டா. வேற பாவாடை வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

ஓடிவந்த பெண்கள் அவிழ்த்த தலையை முடிந்துகொண்டார்கள். பிறகு அந்தோணி சிரிக்க ஆரம்பித்தான். தெரசம்மா எழுந்து உட்கார்ந்து, “எடுபட்ட மனுசா, இதைச் சொல்லவா எமன் மாதிரி வந்து நின்ன” என்று கிடந்த செம்பை எடுத்து என்மேல் எறிந்தாள்.

மேலே வந்து சொன்னதும் நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். சட்டென்று நிறுத்திவிட்டு, “கேதம் சொல்லப் போற ஆளு எதைச் செய்ய மாட்டாரு?” என்று கேட்டீர்கள். யோசித்து, வெற்றிலை போட மாட்டான் என்றேன். பள்ளிக்கூட வேலிக்குள் எச்சில் கறை கண்டால் என்னை ஒரு பாடு திட்டித் தீர்க்கிற நீங்கள், உங்கள் கையாலேயே பாக்கு வெட்டிக் கொடுத்தீர்கள். “நல்லா சிவக்கச் சிவக்கப் போடுங்க. கீழ் லயத்துல இருந்து பாத்தா தெரியணும்.” மறுநாளிலிருந்து நான் மாப்பிள்ளை மாதிரி வாய் சிவக்க இறங்கினேன். வளைவில் என் வாயைப் பார்த்ததும் பெண்கள் கையில் இருந்த வேலையைத் தொடர்ந்து செய்தார்கள்.

அதோடு நீங்கள் விடவில்லை. பிள்ளைகளெல்லாம் நல்லா இருக்கிறார்கள் என்று நான் சொல்லிவிட்டு வந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை. “நல்லாருக்காங்கிறது சேதி இல்ல அண்ணாச்சி. அதை யாரும் சொல்லலாம். பிள்ளை என்ன செஞ்சுதுன்னு சொல்லுங்க, அப்பத்தான் தாய் நம்புவா.” காலையில் உப்புமா பரிமாறும்போது ஒவ்வொரு பிள்ளையாகக் காட்டிச் சொல்வீர்கள். இவனுக்குப் பல் விழுந்தது, கூரைமேல் எறிந்தாயிற்று. இவள் ஏழாம் வாய்ப்பாட்டில் இரண்டு இடத்தில் தடுக்கினாள். இவன் அம்மாவைக் கேட்டு அழுதான், பிறகு நாயைக் கண்டதும் மறந்தான். எனக்கு எழுதிக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. ஆகையால் முகத்தையும் சேதியையும் சேர்த்து மனசில் கட்டிக்கொண்டு இறங்குவேன். அழுதான் என்று சொல்லத்தான் வேண்டுமா என்று ஒருநாள் கேட்டேன். “அழுததையும் சொன்னாத்தான் மறந்ததையும் நம்புவாங்க” என்றீர்கள்.

அந்தப் பேச்சுக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. ஒரு விடியலில் புஷ்பத்துக்கு வாந்தி கண்டது. கீழே இருக்கும்போதே கிருமி உள்ளே போயிருக்க வேண்டும் என்றார் கம்பவுண்டர். நீங்கள் மற்றப் பிள்ளைகளை வராந்தாவின் அந்தக் கோடிக்கு மாற்றினீர்கள். புஷ்பத்தை உள் அறையில் வைத்துக்கொண்டு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினீர்கள். நான் வாசலில் நின்று கெஞ்சினேன். “இன்னைக்கு ஒருநாள் மட்டும் நல்லாருக்கான்னு சொல்லிட்டு வரேன் டீச்சர். நாளைக்குத் தேறிட்டா சொல்லிக்கிடலாம்.”

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. “இன்னைக்கு ஒண்ணை மறைச்சா, இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிரும். என்ன நடக்குதோ அதைச் சொல்லுங்க. கஞ்சி உள்ள தங்குதுன்னும் சொல்லுங்க.”

சொன்னேன். தெரசம்மா புரளவில்லை, அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள்தான் கொதித்தார்கள். மத்தியானத்துக்குள் அந்தோணி முன்னால் வர, ஆண்கள் கம்பும் கிளை கழிக்கிற கவ்வாத்துக் கத்தியுமாக நம் வேலிக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் ஈரக் கையோடு படியில் வந்து நின்றீர்கள்.

“எம் புள்ளைகள வெளிய விடுங்க டீச்சரம்மா. மலைக்குக் கீழ கம்பத்துல எங்கக்கா வீட்டுக்குக் கொண்டு போறோம்.”

“கம்பம்மெட்டுச் செக்போஸ்ட்ல காலரா ஊசி போட்ட சீட்டுக் கேப்பாங்களே. இருக்கா?”

“காட்டு வழியா எறங்குவோம்.”

“வழியில பிள்ளைக்குத் தாகம் எடுத்தா எந்தத் தண்ணியக் குடுப்பீங்க?”

“நீங்க குடுத்த தண்ணியில மட்டும் என்ன வாழுது? இங்கயுந்தான ஒரு புள்ளைக்கு வந்துருச்சு?”

நீங்கள் வாய் திறப்பதற்குள் வேலிப் படலில் அந்தோணி கை வைத்துவிட்டான். அப்போது தெரசம்மா மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள். உங்களைத்தான் ஏசப் போகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் அந்தோணிக்கும் படலுக்கும் நடுவில் போய் நின்றாள்.

“எம் புள்ளைக்கு வாந்தின்னு காலையிலயே எனக்குச் சொல்லியாச்சு. மூடி வச்சுப் பொணமாக் குடுக்கல. உம் புள்ளைகளுக்கு ஒண்ணுமில்லன்னும் அதே வாயிதான சொல்லுது? அப்ப அதுவும் நெசந்தான். எறங்கு கீழ.”

“நீ என்னத்தா, டீச்சருக்கு வக்கீலா?”

“ஆமா. பீசு நீ குடு.”

பின்னால் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தோணி கையை எடுத்தான். “மூத்தவன் சாப்பிடுறானா?” என்று கேட்டான்.

“மொளகாயெல்லாம் பொறுக்கித் தங்கச்சி தட்டுல போடுதான். காலையில முதுகுல ஒண்ணு வச்சேன்” என்றீர்கள்.

“இன்னும் ரெண்டு வைங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினான். தெரசம்மா சன்னலுக்கு வெளியே நின்று மகளை ஒருமுறை பார்த்தாள். அந்தோணிக்குப் பின்னாலேயே இறங்கினாள்.

புஷ்பம் தேறினாள். அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சிக்கு ஊறுகாய் கேட்ட அன்றுதான் நீங்கள் வாந்தி கண்டு படுத்தீர்கள். “இதையும் போய்ச் சொல்லிருங்க அண்ணாச்சி” என்றீர்கள். சொன்னேன். யாரும் கம்பு எடுத்துக்கொண்டு வரவில்லை. எலுமிச்சம்பழமும் உப்பும் வேலிப் படலுக்கு வெளியே குவிந்தன. அந்தோணி வேலிக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தான், விறகு வெட்டிப் போட்டான். நீங்கள் குடித்தது எதுவும் உள்ளே நிற்கவில்லை. எஸ்டேட் ஜீப் வருவதற்குள் உங்கள் கண் குழிந்துவிட்டது.

கம்பத்து ஆஸ்பத்திரிக்குப் போக, பின்சீட்டில் உங்களோடு நான் ஏறினேன். கம்பம்மெட்டில் ஜீப்பை நிறுத்தினார்கள், உங்களைப் பார்த்துவிட்டுத் தடுப்பு மரத்தை உடனே தூக்கிவிட்டார்கள். வளைவுகளில் உருண்டுவிடாமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் சுருங்கி ஐஸ் மாதிரி இருந்தது. நீங்கள் இரண்டே பேச்சுதான் பேசினீர்கள். “பயமா இருக்கு அண்ணாச்சி.” கொஞ்சம் இறங்கியதும், “நான் பயந்தேன்னு அம்மாட்ட சொல்லீராதீங்க.” கீழே தென்னந்தோப்புகள் தெரிகிறபோது என் கையில் இருந்த கை வேறு மாதிரி ஆகிவிட்டது.

நோய் அடங்கிப் பிள்ளைகள் எல்லோரும் தத்தம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உங்களைக் கீழே கம்பத்திலேயே அடக்கம் செய்தார்கள். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் அம்மாவுக்கு ஆபீசிலிருந்து ஒரு தந்தி போனது. அவ்வளவுதான் அவர்களுக்குப் போன சேதி. எங்களில் யாருக்கும் எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள் படுத்திருந்த அறையிலும் இல்லை, ஜீப்பிலும் இல்லை.

இப்போது வந்திருக்கும் புது சாருக்கு உங்கள் பக்கத்து ஊர். உங்கள் அம்மா இருக்கிறார்களாம். மலையிலிருந்து யார் வந்தாலும், கடைசியில் எம் பிள்ளை எப்படி இருந்தாள் என்று கேட்கிறார்களாம். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எல்லாவற்றையும் எழுத என்னால் முடியும். செம்பு பறந்ததையும், பாக்கு வெட்டிக் கொடுத்ததையும் எழுதினால் அவர்கள் சிரிக்கக்கூடச் செய்வார்கள். ஜீப்புக்கு வந்ததும் பென்சில் நிற்கிறது. ஊரில் இருக்கிற அத்தனை தாய்க்கும் உள்ளதைச் சொல்லச் சொன்ன நீங்கள், உங்கள் தாய்க்கு மட்டும் மறைக்கச் சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை.

நேற்றுத் தெரசம்மாவிடம் கேட்டேன். அவள் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: “பயப்படாம செத்தான்னு எழுதுனா எந்தத் தாய் நம்புவா? பயந்தப்ப கூட ஆள் இருந்துச்சா, அதைத்தான் அந்தம்மா கேக்குது.”

ஆகையால் எழுதப் போகிறேன் டீச்சர். பயந்தீர்கள் என்றும் எழுதுவேன். அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள் என்றும் எழுதுவேன். மலை இறங்கும் வரைக்கும் நான் கையை விடவில்லை என்றும் எழுதுவேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் அதை வாங்கிக்கொள்கிறேன். என் எழுத்து வேகத்துக்கு அந்தக் கடிதம் முடிய இந்த வாரம் முழுவதும் ஆகும். தபாலில் போட்டதும், அடுத்த வாரம் மறுபடியும் தாளை எடுத்து உட்கார்ந்து, உங்கள் அம்மாவுக்கு என்னவெல்லாம் எழுதினேன் என்று உங்களுக்கு ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

சூசை