மருமகனின் குரலில் வந்த வேலை

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்

அன்பு மகன் அஸ்கிக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் உம்மாவும் நானும் தங்கச்சி பஸ்மிலாவும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ கட்டாரில் உடம்பு சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கேட்கிறோம். போன் இருக்கும்போது வாப்பா ஏன் கடதாசியில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் பஸ்மிலா காது கொடுப்பாள், உம்மா இரண்டு சொல்லுக்குள் அழுதுவிடுவாள், நான் உம்மாவுக்கு ஏசுவேன், சொல்ல வந்தது நின்றுவிடும். அதனால் லீவு முடிந்து திரும்புகிற உன் கூட்டாளி கலந்தரிடம் இதையும் மாசிச் சம்பல் போத்தலையும் கொடுத்துவிடுகிறேன்.

போன முறை கதைக்கும்போது துபாயில் வேறு ஒரு கம்பனி, சம்பளம் இரட்டிப்பு, எல்லாம் வட்ஸ்அப்பிலேயே முடிந்தது என்று சந்தோஷமாகச் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குதில்லை. மகன், உனக்கு நாங்கள் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறோம். உன் மச்சான், பஸ்மிலாவின் மாப்பிள்ளை றிபாத் தாய்லாந்தில் நல்ல வேலையில் இருக்கிறார், கதைக்க நேரமில்லை என்று உம்மா சொன்னதெல்லாம் பொய். நடந்தது இதுதான். பேஸ்புக்கில் ஒரு விளம்பரம், கம்பியூட்டரில் டைப் அடிக்கிற வேலை, தங்க இடம், ஹலால் சாப்பாடு, ஜும்ஆவுக்கு லீவு. ஒரு பொம்பிளை சலாம் சொல்லித்தான் வொய்ஸ் அனுப்பினாள், வாய் திறந்தால் இன்ஷா அல்லாஹ். சலாம் சொல்கிறவள் பொய் சொல்வாளா என்று நாங்களும் குளிர்ந்துபோனோம். அப்படி ஒரு கம்பனி இருக்கிறதா என்று ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை. இன்டர்வியூ என்று கொஞ்ச நேரம் சிரித்துக் கதைத்தார்கள், விசாவோ சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற விசா, வந்த பிறகு மாற்றித் தருவோம் என்றார்கள். டிக்கட்டையும் அவர்களே அனுப்பினார்கள், காசு கேட்கிறவன்தான் கள்ளன் என்று நினைத்திருந்த எங்களுக்கு அதோடு கண் கட்டிப் போச்சு. போய்ச் சேரும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதீங்க என்று அவள் சொன்னபோது உம்மா, ஓம் அதுதான் சரி, ஊர்க்கண் பொல்லாத கண் என்றாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும்தானே, நீ கட்டாருக்குப் போனபோதும் பிளேன் ஏறும்வரை சொந்தக்காரர் யாருக்கும் மூச்சு விடவில்லை. அதேபோல் றிபாத் இறக்காமத்துக்கு வேளாண்மை வெட்டுக்குப் போகிறான் என்று ஊரில் சொன்னோம், உனக்கும் சொல்லவில்லை. நீ ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவன் இன்றைக்கு இங்கே இருந்திருப்பான். கண்ணூறுக்குப் பயந்து கள்ளனுக்கு வேலையை லேசாக்கிக் கொடுத்தோம்.

பேங்கொக்கில் இறங்கியதும் ஒரு வான் வண்டியில் ஏற்றி, ஓர் ஆற்றைக் கடத்தி வேறு நாட்டுக்குள் கொண்டுபோய் பாஸ்போட்டைப் பறித்துவிட்டார்கள். ஒரு தடவை உம்மாவுக்குக் களவாகப் போன் எடுத்தான், மாமி, அடிக்கிறாங்க, என்னையும் இப்ப ஆள் பிடிக்கத்தான் வெச்சிரிக்காங்க, ஆள் சிக்காத நாள்ல சோறும் இல்ல என்று. அதோடு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. பொலிஸிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் முறைப்பாடு கொடுத்தேன், கொழும்புக்கும் போய் வந்தேன், பார்க்கிறோம் என்கிறார்கள்.

பிறகு அடுத்த வளவுக்குப் புதிதாக வாடகைக்கு வந்த சுபியான், எனக்கு ஒரு வேலை வந்திருக்கு என்று போனைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினான். அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி, இஞ்ச நல்ல வேல, ஹலால் சாப்பாடு என்று றிபாத்தின் குரல். பஸ்மிலா குசினியிலிருந்து ஓடி வந்து, உசிரோட இரிக்கார் வாப்பா, உசிரோட இரிக்கார் என்று கத்தினாள். அந்தச் சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை, மகன். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் சொல்லப் போகிறேன் என்றேன். ஊரே உஷாரானா அவருக்குத்தான் அடி விழும் வாப்பா என்று என் காலைப் பிடித்தாள். அவள் சொன்னதும் சரிதான். ஆனால் இன்னொரு வீட்டுப் பிள்ளை போய் மாட்ட நான் எப்படி விடுவேன்? சொன்னேன். என் மருமகன்ட குரல்தான் இது, நம்பாதீங்க என்று மைக்கில் சொல்லும்போது அழுதுவிட்டேன். பஸ்மிலா என்னோடு கதைப்பதை விட்டாள். நாம் இருப்பது அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, வெளியே போ என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் கண்டேன், சுபியானுக்கு அந்தக் குரல் வந்த நம்பருக்கு, புது சிம் ஒன்றிலிருந்து அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள், பேரை மாற்றி, வேலை தேடுகிற வேறு ஒரு பெண்ணைப் போல. அங்கே காவலுக்கு நிற்கிறவர்கள் எல்லாவற்றையும் வாசிப்பார்களாம், தான் யார் என்று சொல்லவும் பயம். சம்பளம் எவ்வளவு, தொழ இடம் இருக்கா என்று கேட்டுக் கேட்டு நாளைக் கடத்தினாள். ஆள் சிக்கப் போகுது எண்டு நினைச்சா அவருக்கு அண்டைக்குச் சோறு குடுப்பாங்கதானே வாப்பா என்றாள். எப்ப வாறீங்க தங்கச்சி, எப்ப வாறீங்க என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், தன் பெண்சாதி என்று தெரியாமல். யா அல்லாஹ், இப்படியும் ஒரு சோதனையா!

ஆகையால் மகன், அந்தத் துபாய்க் கம்பனியின் பேரை நீயே தேடிப் பார், அவர்கள் தந்த நம்பரை விட்டுக் கம்பனியின் சொந்த நம்பருக்கு எடுத்துக் கேள், ஒப்பந்தத்தைத் தூதரகத்தில் காட்டு. சுற்றுலா விசாவில் வேலைக்குக் கூப்பிடுகிறவனும், இன்றைக்கே முடிவு சொல்லு என்று அவசரப்படுத்துகிறவனும் எவ்வளவு தேனாகக் கதைத்தாலும் விட்டுவிடு. பாஸ்போட் படமோ பேங்க் விபரமோ அனுப்பாதே. அனுப்பியிருந்தால் ஏசமாட்டேன், சொல்லு. உனக்கு மூளை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், றிபாத்துக்கும் இருந்தது.

முந்தாநாள் பஸ்மிலா, பாஸ்போட் கைக்கு வந்துட்டு என்று எழுதினாள், இன்னும் இழுத்தால் தன்னை விட்டு வேறு ஆளிடம் போய்விடுவான் என்ற பயம். பிறகு ஒரு வரி வந்தது, தங்கச்சி நீங்க வராதீங்க, இஞ்ச வேல ஒண்டுமில்ல என்று. உடனேயே அதை அழித்துவிட்டான், அதற்குள் அவள் வாசித்துவிட்டாள். யாரோ ஒரு பெண் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறான். அந்த நம்பரிலிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருக்கிறாள், நானும் பக்கத்தில் போய் இருந்தேன், எழும்பிப் போகச் சொல்லவில்லை.

அல்லாஹ் உன்னைத் தன் பாதுகாப்பில் வைத்து ஹலாலான உழைப்பில் பரக்கத் செய்வானாக. துபாய்க்காரனுக்கு ஒரு சொல் எழுதுமுன் எனக்குப் போன் எடு. றிபாத்துக்குப் பேர் சொல்லித் துஆச் செய், என்ன துஆக் கேட்பது என்று எனக்கு இப்போது விளங்குதில்லை.

உன் வாப்பா
அ. மீராலெவ்வை